கோவை உரிமம், சிங்கப்பூர்ச் சாலை: இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

கொங்குப்பெண் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். கணவரின் வேலையை ஒட்டிக் கிடைக்கும் டிபெண்டன்ட் பாஸில் சிங்கப்பூர் வந்து பத்து மாதம் முடிந்துவிட்டது. கோவையில் எடுத்த கார் உரிமம் கையில் இருக்கிறது; ஒன்பது ஆண்டாக ஓட்டுகிறேன். இங்கே வந்தபிறகு இரண்டே முறைதான் ஸ்டீயரிங்கைத் தொட்டேன், அதுவும் கணவரின் நண்பர் வாடகைக்கு எடுத்த காரில்.

அடுத்த மாதக் கடைசியில் அம்மா வருகிறார். முழங்கால் வலி. எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு சனி, ஞாயிறாவது அவரைக் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்ட ஆசை.

வெளிநாட்டு உரிமத்தை வைத்து 12 மாதம்தான் ஓட்டலாம் என்று படித்தேன். என் கணவரோ, "நீ தீபாவளிக்குக் கோவை போய்த் திரும்பினாய் அல்லவா, அந்தத் தேதியிலிருந்து புதிதாக 12 மாதம்" என்கிறார். அவருடைய அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். யார் சொல்வது சரி? கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வந்தேன். அதைப் புதுப்பித்துக்கொண்டே போனால் ஓட்டலாமா?

கடைசியாக, சிங்கப்பூர் உரிமத்துக்கு மாற எழுதவேண்டிய எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா? வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சளைக்காமல் ஓட்டியவள், 50 கேள்விகளுக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேக்காவாசி | ஞாயிறு, இரவு 10.05

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா. விமான நிலையத்தில் குத்தும் முத்திரை கடிகாரச் சாவி இல்லை, ஒவ்வொரு முறையும் திருகி முதலிலிருந்து ஓடவிட. சுற்றுப்பயணியாக வந்து போகிறவர் கதை வேறு. நீண்டகாலப் பாஸில் இங்கேயே குடியிருப்பவர் 12 மாதத்துக்குமேல் தங்கினால் சிங்கப்பூர் உரிமம் எடுத்தே ஆகவேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனது குடியிருப்பை முறித்துவிடாது.

பன்னாட்டு அனுமதியும் அப்படித்தான். அது உங்கள் கோவை உரிமத்துக்கு ஒரு மொழிபெயர்ப்புத் துணை, அவ்வளவே. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். அதனால் 12 மாதம் 24 ஆகிவிடாது.

இருபத்தெட்டு ஆண்டு டாக்ஸி ஓட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். காலம் கடந்து ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து காப்புறுதி. எவர் மீதாவது இடித்துவிட்டால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். அப்புறம் எதிராளியின் மருத்துவச் செலவு உங்கள் தலையில் விழலாம். "அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்" என்பது அப்போது துணைக்கு வராது.

நடராஜா சர்வீஸ் | ஞாயிறு, இரவு 10.31

எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த ஊரில் எதற்காக உரிமம்? 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. காருக்கு இல்லை, காரைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்கு மட்டும்! அந்தப் பணத்துக்குக் கோவையில் வீடே வாங்கிவிடலாம். 11 ஆண்டாக இங்கே இருக்கிறேன், உரிமமே இல்லை. கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் டாக்ஸி கூப்பிடுங்கள்.

கொங்குப்பெண் | ஞாயிறு, இரவு 10.50

தேக்காவாசி ஐயா, நன்றி. பதிலைக் கணவரிடம் காட்டினேன். "அப்படியா" என்று ஒரே சொல். நான் ஒன்பது ஆண்டில் கேட்காத சொல் அது.

நடராஜா அண்ணா, டாக்ஸியில் போகலாம். ஆனால் அம்மாவின் பக்கத்தில் நான் ஓட்டிக்கொண்டு போவது வேறு. எனக்குக் கார் கற்றுக்கொடுக்க அப்பா மறுத்தபோது, தன் நகையை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டியவர் அவர்.

நடராஜா சர்வீஸ் | ஞாயிறு, இரவு 10.54

சரி, சிஓஇ பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இல்லை.

மூன்றாம் கியர் | திங்கள், காலை 7.40

நான் இரண்டு ஆண்டுக்கு முன் நெல்லை உரிமத்தை இங்கே மாற்றினேன். நடைமுறை மிகச் சிறியது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு ஒன்றை மட்டும் எழுதித் தேறவேண்டும், ஓட்டிக் காட்டவேண்டியதில்லை. இங்கே உபி வட்டாரத்தில் ஒன்று, புக்கிட் பாத்தோக்கில் ஒன்று, உட்லண்ட்ஸில் ஒன்று என்று மூன்று ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எங்கே இடம் காலியோ அங்கே இணையத்தில் பதிவு செய்யுங்கள். தேர்வுக் கட்டணம் ஏழு வெள்ளிக்கும் குறைவு. 50 கேள்வி, 50 நிமிடம், 45 சரியாக இருக்கவேண்டும். தேறியபின் போக்குவரத்துக் காவல்துறையின் இணையச் சேவையில் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக நுழைந்து உரிமம், பாஸ்போர்ட், பாஸ் எல்லாவற்றின் படங்களையும் ஏற்றி 50 வெள்ளி கட்டவேண்டும். அவ்வளவுதான்.

சிலர் கவனிக்காத ஒன்று: மாற்றும்போது உங்கள் இந்திய உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கவேண்டும். ஊர் உரிமத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

தேர்வு மொழி பற்றி: ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழ்க் கேள்விகளைப் படித்தால் எந்தப் பலகையைச் சொல்கிறார்கள் என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடும்.

துவாஸ் தம்பி | திங்கள், பகல் 12.48

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மூன்றாம் கியர் அண்ணன் சொன்ன கடைசி வரியை ஏற்க முடியாது. நான் பத்தாம் வகுப்பு. 2017-இல் தமிழில்தான் எழுதினேன், முதல் முறையிலேயே தேறினேன். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழியும் இருக்கும்போது நமக்கு உள்ளதை விட்டுவிட்டு ஏன் திண்டாடவேண்டும்?

எங்கள் தங்கும் விடுதியில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து படித்தோம். ஒருவர் கேள்வியை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் விடை சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னவர் அன்று பாத்திரம் கழுவவேண்டும். இரண்டு வாரம் ஒரே ஆள்தான் பாத்திரம் கழுவினார். அவர் ஆங்கிலத்தில் படித்தவர்.

தேறியபின் கம்பெனியின் சிறிய லாரியை ஓட்டினேன். கார் ஓட்டுவதற்கான 3-ஆம் வகுப்பு உரிமத்தில் காலி எடை 2,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியும் ஓட்டலாம். லாரியின் பின்னால் உட்கார்ந்து மழையில் நனைந்தவன் முன்னால் உட்கார்ந்தபோது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வேலையே வண்டி ஓட்டுவதுதான் என்றால் இந்த 12 மாதக் கணக்கு செல்லாது. ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூர் உரிமம் எடுத்தாகவேண்டும். நம் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் முதலாளியிடம் முதல் வாரமே கேளுங்கள்.

மூன்றாம் கியர் | திங்கள், மாலை 6.20

தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். எனக்குத் தமிழில் படித்துப் பழக்கம் விட்டுப்போனதைத் தமிழின் குறையாக எழுதிவிட்டேன்.

தேக்காவாசி | திங்கள், இரவு 8.15

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி இருக்கிறது. இங்குள்ள தமிழ் உங்கள் ஊர்த் தமிழ் இல்லை. நீங்கள் காப்பீடு என்பதை நாங்கள் காப்புறுதி என்போம். நீங்கள் லிஃப்ட் என்பதை மின்தூக்கி என்போம். ஆகவே எந்த மொழியில் தேர்வோ அந்த மொழியில் கையேட்டைப் படியுங்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதப்போவதும், தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதப்போவதும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

யாழ்நிலா | திங்கள், இரவு 9.33

இடையில் ஒரு எச்சரிக்கை. நான் வேலைப் பாஸில் இருந்தபோது, இன்னும் நிறைய மாதங்கள் இருக்கின்றன என்று இலங்கை உரிமத்துடன் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தரவாசத் தகுதி கிடைத்தது. வீட்டில் கேசரி செய்து கொண்டாடினோம். அந்த நாளோடு என் கணக்கு மாறிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. நிரந்தரவாசிகளுக்கு 12 மாதம் கிடையாது, மூன்று மாதந்தான். தற்செயலாக ஒரு தோழி சொன்னதால் தப்பித்தேன். அடையாள அட்டை கையில் வந்தவுடன் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

மூன்று வார விடுப்பு | செவ்வாய், காலை 8.02

என் கதையையும் போடுகிறேன், யாருக்காவது உதவும். சிங்கப்பூரில் இரண்டாண்டு வேலை பார்த்தபிறகுதான் கார் ஓட்டும் ஆசை வந்தது. இங்கே பள்ளியில் சேர்ந்து முழுப் பயிற்சி எடுத்தால் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும் என்றார்கள். நான் புத்திசாலி அல்லவா? விடுப்பில் திருச்சி போனேன், ஏற்கெனவே போட்டுவைத்த எல்.எல்.ஆர். இருந்தது, ஓட்டிக் காட்டினேன், உரிமத்தோடு திரும்பினேன். எழுத்துத் தேர்விலும் 49 வாங்கினேன். விண்ணப்பம் போட்டேன்.

உரிமம் கொடுத்த நாட்டில் குறைந்தது ஆறு மாதம் தங்கியிருந்ததற்குச் சான்று கேட்டு அது திரும்பி வந்தது. என் பாஸ்போர்ட்டில் இருந்ததோ 20 நாள். எங்கே போய் முட்டிக்கொள்வது? கடைசியில் இங்கே பள்ளியில் சேர்ந்து எல்லோரையும்போல முதலிலிருந்து தொடங்கினேன். மிச்சம் பிடிக்கப் போய், விமான டிக்கெட்டும் சேர்ந்து நட்டம்.

நடராஜா சர்வீஸ் | செவ்வாய், காலை 8.40

பிடியுங்கள், இதைத்தான் நேற்றே எழுத நினைத்தேன். அந்த ஆறு மாத விதி இருப்பது நியாயம். நம் ஊரில் உரிமம் எப்படிக் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருசக்கர வண்டிக்கு ஒரு எட்டு போடு, காருக்கு முன்னே பின்னே நகர்த்திக் காட்டு, முடிந்தது. பயிற்சிப் பள்ளி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். அப்படி எடுத்த உரிமத்தை 50 கேள்விக்கு மாற்றிக்கொடுப்பது, சாலையில் நடக்கும் என்னைப் போன்றவனுக்கு ஆபத்து. இங்கே பிறந்தவன் இரண்டு எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர், மேடு, குறுகிய வளைவு, எஸ் வளைவு எல்லாம் கடந்து வருகிறான். ஓட்டும் தேர்வில் கல்விளிம்பின் மேல் சக்கரம் ஏறினாலே தோல்வி. நாம் மட்டும் ஏன் குறுக்கு வழியில்?

மூன்றாம் கியர் | செவ்வாய், பகல் 1.15

அண்ணே, திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவில், எதிரே ஹை பீம் போட்டு வரும் லாரிகளுக்கு நடுவே 600 கிலோமீட்டருக்குமேல் ஓட்டிய ஆளைக் கற்றுக்குட்டி என்கிறீர்களா?

நடராஜா சர்வீஸ் | செவ்வாய், பகல் 1.22

ஆமாம். அந்த ஓட்டுநரைத்தான் சொல்கிறேன். ஓட்டத் தெரியாதவன் பயந்து மெதுவாகப் போவான். தெரிந்தவன்தான் தன் ஊர்ப் பழக்கத்தோடு வருவான்.

மூன்றாம் கியர் | செவ்வாய், இரவு 9.47

பதில் எழுத மூன்று முறை தொடங்கி அழித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் மாற்றி நான்காவது வாரம், ஜூரோங் பக்கம் ஒரு சந்திப்பு. சிவப்பு விளக்கு. நான் இடப்பக்கம் திரும்பவேண்டும், வலப்பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. நம் ஊரில் இடப்பக்கம் திரும்ப விளக்கைப் பார்த்து நிற்பவர் யார்? கை தானாகத் திருப்பிவிட்டது. கேமரா இருந்தது. 400 வெள்ளி, 12 குற்றப்புள்ளி. சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம் என்ற பலகை சில சந்திப்புகளில் மட்டும் இருக்கிறது. பலகை இல்லையென்றால் பச்சை வரும்வரை நிற்கவேண்டும். இது எனக்குத் தேர்வில் வந்த கேள்விதான். சரியாகப் பதில் சொல்லியிருந்தேன்!

24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். ஒரே திருப்பத்தில் பாதியைக் கொடுத்துவிட்டேன். ஆகவே நடராஜா அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. குறுக்கு வழி என்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

விளம்பரப் பிரியன் | செவ்வாய், இரவு 11.10

என்னிடம் தேர்வுக் கேள்விகள் அப்படியே இருக்கின்றன, தனிச்செய்தியில் வாருங்கள், 30 வெள்ளி.

நெறியாளர் | புதன், காலை 6.55

மேலே உள்ள உறுப்பினரின் கணக்கு முடக்கப்பட்டது. விவாதம் தொடரட்டும்.

ஜோகூர்க்காரன் | புதன், காலை 9.20

நான் மலேசியன். எங்களுக்குப் பன்னாட்டு அனுமதி தேவையில்லை. ஆசியான் நாட்டு உரிமம் அப்படியே செல்லும். ஆனால் வேலைப் பாஸில் இங்கேயே குடியிருந்தால் 12 மாதக் கணக்கு எங்களுக்கும் உண்டு. "பக்கத்து ஊர்தானே" என்று நினைத்த நண்பர்கள் பலர் விழித்துக்கொண்டது ஓராண்டு கழித்துத்தான்.

அக்கா, அம்மாவை ஜோகூர் பாருவுக்கும் அழைத்து வருவதாக இருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் வண்டி எல்லை கடக்கும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. எங்கள் பக்கம் பெட்ரோல் மலிவு என்பதால் வந்த விதி. வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்ட அந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும்.

கொங்குப்பெண் | இரண்டு வாரம் கழித்து, சனி, பிற்பகல் 3.30

யாரோ ரத்து செய்த இடம் கிடைத்து இன்று காலை தேர்வு எழுதினேன். 43. இரண்டு மதிப்பெண்ணில் தோல்வி. முடிவு உடனே திரையில் வந்துவிட்டது; என் பக்கத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தேறிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சிரிப்பதா வேண்டாமா என்று தவித்தான்.

எங்கே தப்பு என்று எனக்கே தெரியும். சாலைக் குறிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது ஆண்டு ஓட்டியவளுக்கு இது போதும் என்று நினைத்தேன். மஞ்சள் கோட்டில் குழம்பினேன். ஒற்றையா, இரட்டையா, நேரா, வளைந்ததா? நம் ஊரில் மஞ்சள் கோடு என்பது சாலைக்கு இட்ட மஞ்சள். அதற்குமேல் யாரும் அதில் பொருள் தேடியதில்லை.

தேக்காவாசி | சனி, மாலை 5.05

மனத்தைத் தளரவிடாதீர்கள். என் மகனும் முதல் தடவை 44. மஞ்சள் கோட்டை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: கோடு கூடக்கூட, கோணக்கோணக் கண்டிப்பு கூடும்.

நேரான ஒற்றைக் கோடு என்றால், ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர மற்ற நாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்திவைக்கக்கூடாது. நேரான இரட்டைக் கோடு என்றால் எந்நேரமும் நிறுத்திவைக்கக்கூடாது. வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோட்டில் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பவேண்டும். வளைந்த இரட்டைக் கோட்டில் நிற்கவே கூடாது, மாமியாரே கை காட்டினாலும்.

பஸ் தடமும் கேட்பார்கள். மஞ்சள் கோடு மட்டும் உள்ள தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பஸ்ஸுக்கு. சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது முழுநாள் தடம்: திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது இது தேர்வுக்கு மட்டுமான செய்தியாக இருக்காது.

பஸ் நிறுத்தத்திலிருந்து 9 மீட்டருக்குள்ளும், தீயணைப்புக் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள்ளும் வண்டியை நிறுத்தக்கூடாது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு கார் நீளம். 80-இல் போனால் ஐந்து கார். கோவையில் அந்த இடைவெளியில் இரண்டு ஆட்டோ நுழைந்துவிடும் என்று சொல்லப்போகிறீர்கள். இங்கேயும் நுழைவார்கள்! விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.

காவலர் கை சைகைகளை மறந்துவிடாதீர்கள். அதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

துவாஸ் தம்பி | சனி, இரவு 8.40

அக்கா, இன்று பாத்திரம் நீங்கள்தான் கழுவவேண்டும்.

இந்த முறை தமிழில் எழுதிப் பாருங்களேன்?

யாழ்நிலா | சனி, இரவு 9.15

இன்னொன்று, யூ திருப்பம். "திரும்பக்கூடாது" என்ற பலகை இல்லாவிட்டால் திரும்பலாம் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இங்கே தலைகீழ்: "திரும்பலாம்" என்ற பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம். இந்த ஒன்றை மனத்தில் பதித்ததும் எனக்குப் பல கேள்விகள் தாமாக விளங்கின. இங்கே பல இடங்களில் அனுமதி எழுதியிருக்கவேண்டும், எழுதாதது தடை.

நடராஜா சர்வீஸ் | சனி, இரவு 10.02

தங்கச்சி, 43 எடுத்தது நல்லதுக்குத்தான். முதல் தடவையே தேறியிருந்தால் இந்த இழையில் யாரும் மஞ்சள் கோட்டைப் பற்றி எழுதியிருக்கமாட்டார்கள், நீங்களும் படித்திருக்கமாட்டீர்கள். பாதசாரிகளின் சார்பில் ஒரு வேண்டுகோள்: பள்ளிக்கூடப் பகுதியில் விளக்கு மின்னும்போது 40. முதியோர் நடமாடும் சில்வர் மண்டலங்களிலும் வேகத்தைக் குறைக்கவேண்டும். உங்கள் அம்மா வயதுக்காரர்கள்தான் அங்கே நடக்கிறார்கள்.

கொங்குப்பெண் | பதினேழு நாள் கழித்து, செவ்வாய், பிற்பகல் 2.10

48!

தமிழில் எழுதினேன், தம்பி. முதல் பத்துக் கேள்வி கொஞ்சம் தடுமாற்றம். பிறகு பாட்டி பேசுவதைக் கேட்பதுபோலப் பழகிவிட்டது. ஒரு வாரம் கணவர்தான் கேள்விகளை உரக்க வாசித்தார். அவருக்கே பாதி விடை தெரியவில்லை, வாடகைக் காரில் வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர்! அவருடைய 12 மாதம் எப்போது முடிகிறது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தோம். போன மாதமே முடிந்திருந்தது. வீட்டில் சிறிது நேரம் பேச்சே இல்லை. சாவியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவருக்குத் தேர்வு.

என் விண்ணப்பத்தை நேற்றிரவே ஏற்றிவிட்டேன், 50 வெள்ளியும் கட்டிவிட்டேன்.

தேக்காவாசி | செவ்வாய், பிற்பகல் 2.34

எழுத்துத் தேர்வு முடிவு இரண்டாண்டு செல்லும், அதனால் அவர் தேறியபின் விண்ணப்பத்துக்குப் பதற்றப்படவேண்டாம். ஆனால் உரிமம் வரும்வரை அலமாரியைப் பூட்டியே வையுங்கள்.

கொங்குப்பெண் | ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 9.50

உரிமம் வந்துவிட்டது. வெளிநாட்டினருக்கு ஐந்து ஆண்டு செல்லும். அம்மாவும் வந்துவிட்டார்.

நேற்று வாடகைக் கார் எடுத்தோம். முதலில் கணக்குத் தொடங்கிய நிறுவனம் ஒன்று, புதிய உரிமம் என்று சொல்லித் தட்டிக்கழித்தது. கோவை உரிமத்தின் தேதியைக் காட்டியும் பலனில்லை. இரண்டாவது நிறுவனம் கொடுத்தது, விபத்து நேர்ந்தால் நம் பங்காகக் கட்டவேண்டிய தொகையை மட்டும் உயர்த்திக்கொண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தொகையைப் படியுங்கள், எல்லோருக்கும் சொல்கிறேன்.

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போனோம். அம்மா காலை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீனப் பாட்டி ஒருவர் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனால் திரும்பும்போது அம்மா கையில் இரண்டு முட்டை.

வழியில் ஒரு தவறு நேரப் பார்த்தது. மஞ்சள் கட்டச் சந்திப்பு, முன்னால் வண்டிகள் நகரவில்லை, என் கால் பிரேக்கிலிருந்து தானாக எழுந்தது. கடைசி நொடியில் மிதித்து, கட்டத்துக்கு வெளியே நின்றேன். பின்னால் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நடராஜா அண்ணன் சொன்ன அந்த ஊர்ப் பழக்கம் இதுதான் போலும், காலில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, இத்தனை வண்டி வந்தது, ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லையே. எல்லா வண்டியிலும் கெட்டுப்போய்விட்டதா?"

துவாஸ் தம்பி | ஞாயிறு, இரவு 10.11

அக்கா, வீட்டுக்காரருக்கு எத்தனை மதிப்பெண்?

கொங்குப்பெண் | ஞாயிறு, இரவு 10.13

41. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.